குளிசை உறையில் எழுதாத வரி

அன்புள்ள அக்கா,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வயது 36. என் கணவருக்கு 41. புறக்கோட்டையில் சின்னதாக ஒரு இறக்குமதிச் சாமான் கடை வைத்திருந்தார். 2022 இல் அது போனது. அதற்குப் பிறகு ஆள் ஆளாக இல்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, யாரோடும் கதை இல்லை. கடைசியில் என் அண்ணாதான் கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ரலின் தந்தார்கள். எட்டு மாதமாக எடுக்கிறார். உண்மையைச் சொன்னால் என் மனுசன் எனக்குத் திரும்பக் கிடைத்தார். மகளோடு விளையாடுகிறார், வேலைக்குப் போகிறார். ஆனால் குளிசை தொடங்கியதிலிருந்து எங்களுக்குள் தாம்பத்தியம் இல்லை. முதலில் ஆசை வரவில்லை என்றார். பிறகு முயற்சி செய்தாலும் முடியவில்லை. இரண்டு தடவை எனக்குச் சொல்லாமல் குளிசையை நிறுத்தினார். இரண்டு தடவையும் தலைச்சுற்று, எரிச்சல், அழுகை.

இப்போது அவருடைய கூட்டாளி ஒருவர் மதனமோதகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். “ஆயுர்வேதம்தானே, இங்கிலீசு மருந்து மாதிரி இல்லை” என்று சொல்லியிருக்கிறார். இவர் இன்னும் சாப்பிடவில்லை. அலுமாரியில் சேர்ட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். போதைக் காளான் சாப்பிட்டால் மனச்சோர்வும் போகும், இதுவும் சரியாகும் என்று சொல்லும் ஒரு வீடியோவையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். நீங்கள் பார்மசியில் வேலை செய்தவர் என்று எழுதியிருந்தீர்கள். மனதை மாற்றுகிற இப்படியான மருந்துகளுக்கு உண்மையிலேயே இதைக் குணப்படுத்த முடியுமா? எங்கள் வீடு சின்ன வீடு, மாமியும் மகளும் கூட இருக்கிறார்கள், இதை யாரிடமும் வாய் விட்டுக் கேட்க ஏலாது.

அக்கா, அந்த ஆசை இப்போது எனக்கும் இல்லை. அதற்கும் மருந்து இருக்கிறதா?

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். இதே கடிதத்தை எழுத நினைத்து எழுதாமல் விட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் பார்மசிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் என்பதால் எனக்கு அது தெரியும்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். செர்ட்ரலினை அவர் மூன்றாம் தடவையும் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தியபோது வந்த தலைச்சுற்றும் அழுகையும் அவருடைய பலவீனம் அல்ல. பழகிய மருந்து திடீரென்று இல்லாமல் போனால் மூளை அப்படித்தான் தடுமாறும். குறைப்பதென்றால் டொக்டர் சொல்லும் கணக்கில், மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இரண்டாவது, அந்தக் கூட்டாளி அடுத்ததாக “நேரம் நிற்கும்” என்று ட்ரமடோல் கொண்டுவந்தால் தொடவே கூடாது. அது ஓபியம் வகையைச் சேர்ந்த வலிக்குளிசை. விந்து முந்துவதை அது தள்ளிப்போடும் என்பது உண்மை, அதனால்தான் அந்தப் பேச்சு பரவியிருக்கிறது. ஆனால் பழகினால் விடாது. செர்ட்ரலினோடு சேர்ந்தால் உடலில் செரட்டோனின் என்ற இரசாயனம் அளவு மீறி, நடுக்கம், கடும் காய்ச்சல், வலிப்பு வரைக்கும் போகலாம். மதனமோதகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

இனி என் பக்கத்துக் கதை ஒன்று. இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். காலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் நான் வேலை செய்த கடை. ஒரு பின்னேரம், மழை. உங்கள் வயதுப் பெண் ஒருத்தி மருந்துத் துண்டைக் கொண்டுவந்து தந்தா. அவவுக்குத்தான் மருந்து, உங்கள் கணவர் எடுக்கும் அதே வகை. எண்ணி, சின்னக் கடதாசி உறையில் போட்டு, பேனையால் “காலை 1, சாப்பாட்டுக்குப் பின்” என்று எழுதினேன். அவ போகாமல் நின்றா. “மிஸ், இதுக்கு வேற என்னவும் நடக்குமா?” என்று கேட்டா. கேட்ட விதத்திலேயே எனக்கு விளங்கியது. ஆனால் பக்கத்தில் பொதி கட்டும் பெடியன் நின்றான், அவவுக்குப் பின்னால் இரண்டு ஆம்பிளைகள். நான் வாய் காயும், வயிறு குழம்பும், தலையிடிக்கும், இரண்டு கிழமையில் சரியாகிவிடும் என்று சொன்னேன். இன்னும் ஒரு வரி இருந்தது, அதைச் சொல்லவில்லை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவ வரவில்லை. பிறகு ஒரு நாள் கோயில் வாசலில் கண்டேன். மெலிந்து, கண் குழிந்து. “அந்தக் குளிசை என்னைக் கட்டையாக்கிப் போட்டது மிஸ், என்ர மனுசன் என்னைச் சந்தேகப்படத் தொடங்கிட்டார், விட்டிட்டன்” என்றா. விட்ட பிறகு பழைய வருத்தம் இரு மடங்காக வந்திருந்தது. அந்த உறையில் நான் எழுதாத ஒரு வரிதான் அவவை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உங்கள் கணவருக்கும் அந்த வரியை யாரும் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

அந்த வரி இதுதான். செர்ட்ரலின், புளுவொக்ஸெட்டின், பரொக்ஸெட்டின், எஸ்சிடலோப்ராம் போன்ற குளிசைகள் ஆசையைக் குறைக்கும், விறைப்பைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும் அல்லது இல்லாமலே ஆக்கும். எல்லோருக்கும் அல்ல. ஆனால் எடுக்கிறவர்களில் மிகப் பலருக்கு நடப்பது. ஆண்களுக்கும் பெண்களுக்கும். நிறுத்திய பிறகும் சிலருக்கு இது நீடிக்கலாம் என்ற எச்சரிக்கையை மருந்துத் தாளில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019 இல் சொன்னது. அது அரிது. உங்கள் கணவருக்கு நடப்பது வழமையானது, சரிசெய்யக் கூடியது.

ஆகவே மனதில் வேலை செய்யும் மருந்து தாம்பத்தியத்தைக் குணப்படுத்துமா என்ற உங்கள் கேள்வியை நான் இப்படிப் பார்க்கிறேன்: அப்படியான ஒரு மருந்து ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது, அது ஒன்றைத் திறந்து ஒன்றைப் பூட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் பான்கிராப்ட், எரிக் ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டளவில் இதை எளிதாக விளங்கப்படுத்தினார்கள். காம உணர்வுக்கு மூளையில் அக்ஸிலேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. இரண்டும் தனித்தனி. ஒருவருக்கு ஆசை வரவில்லை என்றால் அக்ஸிலேட்டர் பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை, பிரேக்கில் கால் வைத்தபடி இருக்கலாம். பயம், கடன், அவமானம், களைப்பு, அடுத்த அறையில் மாமி இருமும் சத்தம் எல்லாம் பிரேக். மூளை இரசாயனத்தில் பார்த்தால் டொபமின் பெரும்பாலும் முடுக்கும் பக்கம், செரட்டோனின் பெரும்பாலும் தடுக்கும் பக்கம். செர்ட்ரலின் செரட்டோனினைக் கூட்டுகிறது. மனதின் பயத்தை அமத்தும் அதே கை இதையும் அமத்துகிறது.

இதே தடையை வைத்தே மருத்துவம் ஒரு சிகிச்சையையும் செய்திருக்கிறது. விந்து முந்துதல் உள்ள ஆண்களுக்கு டபொக்ஸெட்டின் என்று ஒரு குளிசை பல நாடுகளில் கொடுக்கிறார்கள். அதுவும் செர்ட்ரலினின் குடும்பம்தான், உடம்பில் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும்படி அமைந்தது, அவ்வளவுதான். ஒருவரின் வீட்டில் கண்ணீரை வரவைக்கும் பக்கவிளைவு அடுத்த வீட்டில் சிகிச்சை. இந்த மருந்துகளில் நல்லது, கெட்டது என்று தனியாக ஒன்றும் இல்லை. யாருக்கு, எந்தத் தடை, எந்த அளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது தேடுவது அக்ஸிலேட்டரை. தேட வேண்டியது பிரேக்கை.

டொக்டரிடம் இதற்கு வழி இருக்கிறது. அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். அல்லது செரட்டோனினைத் தொடாத, அல்லது வேறு விதமாகத் தொடுகிற மருந்துக்கு மாற்றுவார்கள். புப்ரோப்பியோன் டொபமின் பக்கத்தில் வேலை செய்வது, இந்தத் தொல்லை அதில் மிகக் குறைவு. மிர்டசாபினிலும் குறைவு, ஆனால் நித்திரையும் பசியும் கூடும். சில வேளை இருக்கும் மருந்தோடு இன்னொன்றைச் சேர்ப்பார்கள். மனச்சோர்வு மருந்தால் வந்த குறைபாட்டுக்கு சில்டெனபில் ஆண்களுக்கு உதவியது என்று 2003 இலும், பெண்களுக்கு உச்சம் அடைவதில் உதவியது என்று 2008 இலும் அமெரிக்காவில் நடந்த சோதனைகள் காட்டின. சில்டெனபில் என்றால் வயாகரா. இங்கிலாந்தில் பைசர் நிறுவனம் நெஞ்சுவலிக்கென்று செய்து பார்த்த மருந்து, 1998 இல் இதற்கென்று அனுமதி பெற்றது. அது மனதில் வேலை செய்யாது. இரத்தக்குழாயைத் தளர்த்தும், அவ்வளவுதான். ஆசையைக் கொண்டுவராது, வந்த ஆசைக்கு உடம்பை ஒத்துழைக்க வைக்கும். நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் நைட்ரேட் குளிசை எடுப்பவர் அதைத் தொட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. ஆகவே அதையும் கூட்டாளியிடம் வாங்கக் கூடாது.

அப்படியே சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 41 வயதில் விறைப்புக் குறைவது சில வேளை நீரிழிவின், இதய நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கும். எல்லாப் பழியையும் செர்ட்ரலினில் போட்டுவிட்டு அதைத் தவறவிடக் கூடாது.

அக்ஸிலேட்டரை நேராக அழுத்தும் மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் டொபமினைப் போலவே மூளையில் வேலை செய்பவை. அவற்றை எடுக்கும் சிலருக்குக் காம இச்சை கட்டுக்கடங்காமல் போகும். அறுபது வயதுவரை மானமாக வாழ்ந்த மனிதர் மருந்தால் அப்படி மாறி, பிள்ளைகள் முகம் பார்க்க முடியாமல் தவித்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும். மருந்தைக் குறைத்ததும் அவர் பழைய மனிதராகிவிட்டார். ஆனால் அந்த வீட்டில் சிரிப்பு திரும்பி வர நீண்ட காலம் எடுத்தது. அந்தக் குடும்பத்து மருந்தான அபொமோர்பினை நாக்குக்குக் கீழே வைக்கும் விறைப்புக் குளிசையாக 2001 இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு விட்டார்கள். மூளை வழியாக வேலை செய்யும் முதல் குளிசை என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பலருக்கு ஓங்காளம்தான் மிஞ்சியது. பிறகு சந்தையிலிருந்தே போய்விட்டது. இங்கே ஐஸ் என்ற போதைப்பொருளை விற்கிறவர்களும் இதே அக்ஸிலேட்டரைத்தான் விற்கிறார்கள். அது முதலில் கொடுப்பதைப் பிறகு வட்டியோடு திருப்பி எடுத்துவிடும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

மதனமோதகத்துக்கு வருவோம். மதனன் என்றால் மன்மதன். மோதகம், நாம் பிள்ளையாருக்குப் படைக்கும் அதே சொல். நெய்யும் சீனியும் சரக்குகளும் சேர்த்துச் செய்யும் லேகியம், அதன் உயிர்நாடி கஞ்சா. சித்த வைத்தியத்தில் அதற்குச் சிவமூலி என்று பெயரே உண்டு. நான் ஆயுர்வேதத்தைக் குறைத்துப் பேசமாட்டேன். கஞ்சாவைச் சுத்தி செய்து, நோயாளியின் நாடி பார்த்து, அளவு சொல்லிக் கொடுத்த பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள். இன்றைக்கும் பொரளை ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். பதிவு பெற்றவர்கள் மருந்துக்கென்று கஞ்சாவைப் பயன்படுத்த நாட்டின் சட்டத்திலும் இடம் உண்டு. ஆனால் கூட்டாளி பொக்கெட்டில் கொண்டுவந்த பொட்டலத்துக்கு நாடியும் தெரியாது, செர்ட்ரலினும் தெரியாது. பொலிசார் பிடித்ததாகப் பேப்பரில் அடிக்கடி வருவதும் இந்தப் பொட்டலங்கள்தான்.

அந்த உருண்டை ஒன்று ஒரு முறை என் கையிலும் வந்தது. பாடசாலைப் பெடியன் ஒருவனின் தாய் கொண்டுவந்து, “இது என்ன மருந்து மிஸ்?” என்று கேட்டா. கறுப்பு, பிசுபிசுப்பு, பொலித்தீனைப் பிரிக்கும்போது நூல் நூலாக இழுபட்டது. ஏலக்காய் மணம் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் பச்சை இலை வெந்த மணம். உறையில் ஒரு சிங்கத்தின் படம். எவ்வளவு கஞ்சா, என்ன சரக்கு, எப்போது செய்தது, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த ஊமை உறைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

கஞ்சா தாம்பத்தியத்துக்கு என்ன செய்யும் என்றால், சிறிய அளவில் பதற்றத்தைத் தளர்த்தும், தொடுகை ஆழமாகத் தெரியும், நேரம் நீண்டது போல இருக்கும். அனுபவித்தவர்கள் சொல்வது பொய் அல்ல, பிரேக்கிலிருந்து கால் கொஞ்சம் விலகுகிறது. அளவு கூடினால் அதே பொருள் நெஞ்சு படபடப்பையும் பீதியையும் கொண்டுவரும். நாளாந்தம் பழகினால் ஆசை மங்கவும் செய்யும். வாயால் சாப்பிடும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஏற ஒரு மணித்தியாலம், சிலருக்கு இரண்டு மணித்தியாலமும் எடுக்கும். “ஒன்றும் தெரியவில்லையே” என்று இரண்டாவது துண்டைச் சாப்பிடுவார்கள், பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். மனச்சோர்விலிருந்து இப்போதுதான் கரையேறிய மனிதருக்கு அப்படி ஒரு இரவு வேண்டாம், தங்கச்சி. இந்தியாவில் செய்யும் காமினி என்ற குளிகையைப் பற்றியும் எச்சரிக்கிறேன். அதில் ஓபியம் இருக்கிறது. வீரியத்துக்கென்று வாங்கித் தின்னத் தொடங்கி ஓபியத்துக்கு அடிமையானவர்களைப் பற்றி அவுஸ்திரேலிய டொக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த வீடியோவில் சொல்லும் காளான் விசயத்தில் உங்கள் கணவர் முழுக்க ஏமாறவில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 59 மனச்சோர்வு நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எஸ்சிடலோப்ராம், மற்றப் பாதிக்குப் போதைக் காளானின் சத்தான சிலோசைபின். அந்த முடிவு 2021 இல் வெளியானது. மனச்சோர்வைக் குறைப்பதில் முக்கிய அளவுகோலில் ஒன்று மற்றதை வென்றதாகச் சொல்ல முடியவில்லை. 2024 இல் அதே கல்லூரியினர் அந்த நோயாளிகளின் தாம்பத்தியக் கணக்கையும், தாமாகவே இப்படியான பொருள்களை எடுத்த வேறு பலர் எழுதிக் கொடுத்த பதில்களையும் சேர்த்து, சுமார் 300 பேரைப் பற்றி எழுதினார்கள். சிலோசைபின் எடுத்த நோயாளிகளுக்கு அந்தப் பக்கமும் மேம்பட்டிருந்தது, எஸ்சிடலோப்ராம் எடுத்தவர்களுக்கு அப்படி இல்லை. மற்றவர்கள், துணையோடு நெருக்கம் கூடியது, தங்கள் உடம்பைப் பற்றிய கூச்சம் குறைந்தது என்றார்கள். சிலருக்கு ஆறு மாதம் கழித்தும்.

வாசித்தபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. விறைப்பையும் எண்ணிக்கையையும் மட்டும் அளந்துகொண்டிருந்த ஒரு துறை நெருக்கத்தையும் கூச்சத்தையும் அளக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அந்த வீடியோ இதையும் சொன்னதா என்று கேட்டுப் பாருங்கள். நோயாளிகள் முன்கூட்டியே சோதித்துத் தெரிவு செய்யப்பட்டவர்கள். பழைய மனச்சோர்வுக் குளிசைகளை மேற்பார்வையில் நிறுத்திய பிறகே எடுத்தார்கள். இரண்டு தடவைதான், மூன்று கிழமை இடைவெளியில், பக்கத்தில் பயிற்சி பெற்ற இருவர் இருக்க, முன்னும் பின்னும் மணிக்கணக்காகப் பேசி. அந்தப் பேச்சில் எவ்வளவு குணம், காளானில் எவ்வளவு குணம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். தானாக எடுத்தவர்களோ நல்லது நடக்கும் என்று நம்பிப் போனவர்கள். எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளை மன வடுவுக்கான சிகிச்சையாக அனுமதிக்கும்படி கேட்ட விண்ணப்பத்தை 2024 ஓகஸ்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஏற்கவில்லை. அந்தச் சோதனைகளில் ஒன்றில், சிகிச்சை கொடுத்தவர்களே நோயாளியிடம் எல்லை மீறியது முன்னரே வெளியே வந்திருந்தது. மனதைத் திறக்கும் மருந்து, திறந்த கதவுக்குள் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை. இந்த நாட்டில் இவை எதுவும் முறையான சிகிச்சையாகக் கிடைக்காது. யாரோ கொண்டுவரும் காளான் எந்தக் காளான் என்று பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

இனி உங்கள் கடைசி வரி. மற்றதையெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, கடிதத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

பெண்ணின் ஆசைக்கென்று ஒரு குளிசை இருக்கிறது. பெயர் பிலிபான்செரின். ஜெர்மன் நிறுவனம் ஒன்று மனச்சோர்வுக்கென்று செய்தது, அதற்குச் சரிவரவில்லை. இரண்டு தடவை மறுத்த பிறகு 2015 ஓகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. தினமும் இரவில், மாதக்கணக்காக எடுக்க வேண்டும். வெற்றுக் குளிசை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், கூடுதலாகக் கிடைத்தது மாதத்துக்கு அரை முதல் ஒரு தடவை வரையான திருப்தியான உறவு. மதுவோடு சேர்ந்தால் மயங்கி விழலாம் என்று கடும் எச்சரிக்கையும் போட்டார்கள். அந்த மது எச்சரிக்கைக்காக நடந்த சோதனையில் இருந்த 25 பேரில் 23 பேர் ஆண்கள். பெண்ணின் மருந்துக்கு இரண்டே இரண்டு பெண்கள். இதை வாசித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 2019 இல் பிரெமெலனோடைட் என்று ஒரு ஊசியும் வந்தது, அதுவும் மூளையில் வேலை செய்வதுதான். சில பெண்களுக்கு இவை உதவுகின்றன, அவர்களின் கஷ்டத்தை நான் சிறிதாக்கவில்லை.

ஆனால் உங்களுக்கு நோய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு மனிதரைத் தூக்கிச் சுமந்தீர்கள். கடை போனது, கடன் வந்தது, சாப்பிட வைத்தீர்கள், குளிசை எண்ணிக் கொடுத்தீர்கள், இரவில் அவர் மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்திருப்பீர்கள். தாதியாக இருந்தவள் திடீரென்று மனைவியாக மாற ஏலாது. சின்ன வீடு, பக்கத்தில் மகள், தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமி. அவர் முயன்று தோற்கும் ஒவ்வொரு இரவும், அடுத்த இரவைப் பற்றிய பயம் உங்களுக்கும் சேர்ந்திருக்கும். இவ்வளவு பிரேக்குக்கு மேலே எந்தக் குளிசையும் வேலை செய்யாது. இந்த ஆசை போனதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. களைத்துப் போனீர்கள்.

மருந்தே இல்லாத ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இருவர் 1970 இல் விரிவாக எழுதியது, இன்றைக்கும் இந்தத் துறையில் சொல்லிக் கொடுப்பது. சில கிழமைகளுக்கு உறவே வேண்டாம் என்று இருவரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். அந்த நாட்களில் தொடுகை மட்டும். கை, முதுகு, தலைமயிர், கால். யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, தோற்கவும் இடமில்லை. மெல்ல மெல்ல, கிழமைக்கு ஒரு படி. நடக்குமா நடக்காதா என்று தன்னையே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆண்களின் உடம்பை உறைய வைக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். இலண்டன் ஆய்வில் தாமாகவே அப்படியான பொருள்களை எடுத்தவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே, கூச்சம் குறைந்தது, நெருக்கம் கூடியது என்று. வாரத்தில் ஒரு பின்னேரம் மகளையும் மாமியையும் உங்கள் அண்ணா வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். பெரிய வசதி ஒன்றும் வேண்டாம், இரண்டு மணித்தியாலம் கதவைச் சாத்த முடிந்தால் போதும்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். அங்கே சனம் நெரியும், அறைக்குள் இன்னொரு நோயாளி உட்கார்ந்திருப்பார், டொக்டருக்கு நேரம் இருக்காது. அதற்கு மேல் நம் ஆட்களுக்கு இன்னொரு பூட்டு உண்டு: படுக்கையில் நடப்பதைத் தாய்மொழியிலேயே சொல்லத் தெரியாதவர்கள் சிங்களத்திலோ இங்கிலீசிலோ சொல்ல வேண்டும். “ஆண்மைக்குறைவு” என்ற சொல்லை மட்டும் பாவிக்க வேண்டாம். மதில் விளம்பரக்காரர்களின் சொல் அது. ஒரு மருந்தின் பக்கவிளைவை ஒரு மனிதனின் குறையாக்கிவிடும். ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: “இந்தக் குளிசை தொடங்கிய பிறகு ஆசை குறைந்துவிட்டது, விறைப்பும் வருவதில்லை. மருந்தை நிறுத்த விருப்பமில்லை. மாற்ற முடியுமா?” டொக்டர் சிங்களவர் என்றால், “பெஹெத் கத்தட்ட பஸ்ஸே லிங்கிக ஆசாவ அடு உணா” (மருந்து எடுத்த பிறகு அந்த ஆசை குறைந்துவிட்டது) என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவரே கேட்பார். வாயால் வராவிட்டால் துண்டை நீட்டுங்கள். கவுண்டரில் எனக்கு நீட்டப்பட்ட எந்தத் துண்டையும் பார்த்து நான் சிரித்ததில்லை, அவர்களும் சிரிக்க மாட்டார்கள். தம்பதியாகப் போய்ப் பேசுவதற்கு புல்லர்ஸ் லேனில் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் இருக்கிறது. 1953 இலிருந்து இப்படியான கதைகளைக் கேட்டுப் பழகியவர்கள். இடையில் அவருடைய மனம் மறுபடியும் இருண்டால் 1926 க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

அந்தப் பொட்டலத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். போட்டால் அவர் இன்னொன்றை, இன்னும் ஆழமாக ஒளித்து வைப்பார். மகள் நித்திரையான பிறகு அதை எடுத்து இருவருக்கும் நடுவில் வையுங்கள். “நான் பார்த்துவிட்டேன், கோபமில்லை” என்று சொல்லுங்கள். இதை வாங்க வைத்த வேதனை எனக்கும் தெரியும் என்று சொல்லுங்கள். பிறகு, எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியையும் அவரிடம் சொல்லுங்கள். தான் மட்டும்தான் உடைந்து போனதாக அவர் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கிளினிக் முடிந்ததும் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா